ஷேடு பார்க்கிறவள்

திருப்பூரில் ஏழு வருசம்
சாயப்பட்டறை லேப்பில் துணிக்கு ஷேடு பார்த்தேன்.
கடை விளக்கில் ஒத்துப்போன ரெண்டு பச்சை
பகல் விளக்கில்
முன்பின் தெரியாதவர்களைப்போல் நிற்கும்.
எந்த நிறத்தையும் ஒரே வெளிச்சத்தில் நம்பாதே.
அந்த வேலை எனக்கு விட்டுப்போனது இந்தச் சந்தேகத்தைத்தான்.

இப்போது கோவையில், மருதமலை ரோட்டில்,
ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய அறையில்
புழுவுக்கு ஷேடு பார்க்கிறேன்.

ஒரு மில்லிமீட்டர். கண்ணாடி உடம்பு.
அதன் மரபணு ஒன்றின் வாசலில்
ஜெல்லிமீனின் பச்சையைக் கட்டிவிட்டிருக்கிறோம்.
எந்தச் செல்லில் அந்த மரபணு விழிக்கிறதோ
அங்கே பச்சை எரியும்.
கடல் பார்க்க
பாலக்காட்டுக் கணவாய் தாண்ட வேண்டிய ஊர் இது.
விளக்கு மட்டும் கடலிலிருந்து வந்திருக்கிறது.

நீல ஒளியைத் திறந்தேன்.
குடல் முழுக்க மின்னியது.
"வந்துருச்சுங்க்கா!" என்று கத்தினான் மௌலீஸ்வரன்,
ஆறு மாசமாய்ப் புழுவின் சினைப்பையில் ஊசி போட்டவன்.
அவன் கணக்குப்படி குடலில்தான் வர வேண்டும்.

எனக்கு என்னவோ உறுத்தியது.
இந்தப் பச்சையில் மஞ்சள் இருந்தது,
சரியாக ப்ளீச் ஆகாத பருத்தியில் தங்குமே, அந்த மஞ்சள்.
பக்கத்துத் தட்டிலிருந்து
ஒன்றும் கட்டாத புழுவை எடுத்து வைத்தேன்.
அதன் குடலும் மின்னியது.
யார் பச்சையும் கடன் வாங்காமல்
புழுக்குடல் தன்பாட்டுக்கு இப்படித்தான் மின்னும்.
வயதாக ஆக, இன்னும் கொஞ்சம்.

மௌலி ஒன்றும் பேசவில்லை.
டீ வாங்கப் போனான். வெகுநேரம் வரவில்லை.

வடிகட்டியை மாற்றினேன்.
குடல் மங்கியது.
வால் பக்கம் ஒரு புள்ளி.
எதுவும் சேராத பச்சை.
இன்னொரு புழு: அதே இடம்.
பதினேழு புழு, அதே இடம்.
ஒரு நரம்புச் செல்.
அங்கே இந்த மரபணுவுக்கு என்ன வேலை என்று
நாங்கள் கேட்டதே இல்லை.

பதினெட்டாவதை எடுக்கையில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்க அரை நிமிசம்.
அந்த இருட்டில் பச்சை இல்லை;
பார்க்க ஆளும் இல்லை.
செல் பாட்டுக்குச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

வெளிச்சம் வந்தபோது டீயோடு நின்றான்.
"கொடல்ல இல்லீங்களா?"
"இல்ல சாமி. வால்ல."
"எத்தனைங்க?"
"ஒன்னே ஒன்னு."

டீயை மேசையோரம் வைத்துவிட்டு
நோட்டில் 'குடல்' என்பதை அடித்தான்.
தாள் கிழிகிற சத்தம் கேட்டது.