ஏழு பேருக்கான இடம்

பத்து வருடத்துக்கு ஒருமுறை வருவேன்.
கையில் ஒரு டார்ச், ஒரு டேப்பு,
மாநில முத்திரை குத்திய படிவம்.
லடீனா காஃப்லிஷ். நிலவறைப் பரிசோதகர்.
இந்தப் பள்ளத்தாக்கில் நாற்பத்தோரு கிராமம் என் பொறுப்பு.

சுவிஸ் நாட்டில் எல்லோருக்கும்
பூமிக்கடியில் ஓர் இடம் உண்டு.
தலைக்கு ஒரு சதுர மீட்டர்.
உலகம் முடியும் நாளில் யார் எங்கே உட்காருவது என்று
முன்கூட்டியே யோசித்துவைத்த ஜனங்கள் நாங்கள்,
ரயில் நேரத்தை யோசிப்பதுபோலவே.

ஒரு சாண் தடிமன் கான்கிரீட் கதவுக்குப் பின்னால்
இதுவரை கண்டவை:
பனிச்சறுக்குக் கட்டைகள். ஒயின்.
பாலாடைக்கட்டி, அதைவிடப் பெரிதாக அதன் வாடை.
விவாகரத்தான ஒருவன் இன்னும் திருப்பித் தராத
தையல் இயந்திரம்.
தேவாலயத்துக்குப் பின்வீட்டில் ஒரு பையன் டிரம்ஸ் அடிக்கிறான்.
வெளியே கேட்கிறதா என்றான்.
அணுகுண்டுக்குக் கட்டிய சுவர், தம்பி,
உன்னையா வெளியே விடப்போகிறது?

கிழக்கே போர் தொடங்கிய அந்தப் பிப்ரவரியில் மட்டும்
தொலைபேசி ஓயவில்லை.
கதவுச் சாவி எங்கே என்றே தெரியாதவர்கள்
"என் இடம் எது?" என்றார்கள்.
ஒயின் மாடிக்கு ஏறியது.
பனி உருகுவதற்குள் மறுபடி இறங்கிவிட்டது.

எல்லா வீட்டிலும் கேட்பார்கள்,
மீட்டர் பார்க்க வந்தவனிடம் மழையைப் பற்றிக் கேட்பதுபோல:
நம் காலத்திலேயே நடந்துவிடுமா?
எனக்குத் தெரிந்தது ரப்பர்.
கதவோரத்து ரப்பர் என் வேலைக்காலம் வரை தாங்கும்,
பிறகு வெடிப்பு விடும்.
அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

எண்பத்தாறின் வசந்தத்தில் எனக்கு எட்டு வயது.
அம்மா கீரையைத் தொடவில்லை. பால் பொடியில்தான் காபி.
மழையில் நனைந்து வந்ததற்குக் கன்னத்தில் ஓர் அறை.
பிறகு அழுதாள், நான் இல்லை, அவள்.
அடுத்த வருடம் அதே பாத்தியில் அதே கீரை.
உலகம் முடியவில்லை என்பதற்கு
அந்தக் கீரையைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்.
முடிகிற வரைக்கும் எல்லாக் கீரையும் அதே சாட்சிதான் சொல்லும்.

இன்று காலை அன்னெட்டா டெகுர்டின்ஸ் வீடு.
விளக்கைப் பிடித்து முன்னால் இறங்கியவள் அவள்,
அவளுக்கும் முன்னால் அவள் வயிறு.
அளந்தேன். ஏழு.
"மார்ச்சில் நாங்கள் எட்டு" என்றாள்.
ஒதுக்கீட்டுப் பட்டியலைப் புரட்டினேன்.
எட்டாவது ஆளுக்கு
ஆற்றுக்கு அக்கரையில் பள்ளிக்கூட நிலவறை.
"கைக்குழந்தை? தனியாக? பாலம் தாண்டி?"
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
பிறகு வெகுநேரம் ரப்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அவசர வழி.
சுவரில் ஒரு குழாய், ஆள் தவழும் அகலம்.
வீடு சரிந்தாலும் இடிபாடு எட்டாத தூரத்தில்
தோட்டத்தில் போய் முடியும்.
ஒவ்வொரு முறையும் அதற்குள்தான் நினைப்பு வரும்:
எல்லாம் போய்விடும் என்று
பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்ட பொறியாளன் ஒருவன்
கடைசித் தாளில்
வெளியே போக ஓர் ஓட்டை வரைந்திருக்கிறான்.
வெளியே என்ன என்று வரையவில்லை.

மூடி அசையவில்லை.
தோளைக் கொடுத்தும் அசையவில்லை.
மேலே குடுகுடுவென்று கால்கள்.
முயல் கூண்டு!
இரும்புக்கடியில் மல்லாந்து கிடந்தபடி
முயல்கள் எதையோ கொறிக்கும் சத்தத்தைக் கேட்டேன்,
பரிசோதனைக்குத் தேவையானதைவிடக்
கொஞ்சம் அதிக நேரம்.

படிவத்தில் எழுதினேன்:
வழி அடைபட்டுள்ளது. காரணம், நான்கு முயல்கள்.
"ஐந்து" என்றாள் அன்னெட்டா. "நேற்றிலிருந்து."

அடுத்த கட்டம், கொள்ளளவு.
பேனா ஏழின் முதல் கோட்டில் நின்றது.
"டேப்பின் அந்த முனையைப் பிடி" என்றேன்.
"இந்தத் தடவை இழுக்காதே,
கொஞ்சம் தொளதொளவென்றே இருக்கட்டும்."