விதியின் தலை

விதிப்புத்தகத்தில் தலை என்பது
நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் உருண்டை.
கண் இல்லை, காது இல்லை.
கோத்தகிரி கடைசல் பட்டறையில்
சில்வர் ஓக்கில் கடைந்து வாங்கி வந்தேன்.

சாக்பீஸ் தூள் பூசி
டேஷ்போர்டின் மேல் உருட்டினேன்.
தொட்ட இடமெல்லாம் வெள்ளை:
ஸ்பீடோமீட்டர் வளையம், வைப்பர் சுவிட்ச்,
ரேடியோவுக்கு நான் ஆசையாய் வெட்டிய சதுரத்தின்
நான்கு மூலை.
வெள்ளை பட்டதெல்லாம்
இரண்டரை மில்லி ஆரத்துக்கு மழுங்க வேண்டும்.

மூன்று ராத்திரி. எண்பதாம் நம்பர் உப்புத்தாள்.
மூடுபனி ஷெட்டுக்குள் வந்து
பைபரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.
கட்டபெட்டு வளைவில்
எவ்வளவு மெதுவாய்ப் போவேன் என்று
ஒரு தடவைகூடக் கேட்கவில்லை விதி.
முட்டுவேன் என்பது மட்டும்
முன்கூட்டியே தெரியும் அதற்கு.

ஆல்துரை வந்தான்.
பக்கத்து சீட்டில் உட்கார்ந்து
உருண்டையை மடியில் வைத்துக்கொண்டான்.
"குளிருமேடா இதுக்கு" என்று
தன் குரங்குக் குல்லாவைக் கழற்றி மாட்டினான்.

அதற்குப் பிறகு
அதை எதன்மேலும் இடித்துப் பார்க்க முடியவில்லை.
விரலால்தான் தடவினேன்
அவன் பக்கத்து விளிம்பை, இன்னொரு முறை.
ஒரு பிசிறு இருந்தது.