காசிமேடு, மூன்றரை மணி

ஏலம் இன்னும் தொடங்கவில்லை.
டியூப்லைட் வெளிச்சத்தில்
அஞ்சலாட்சி கூடையைக் கவிழ்க்கிறாள்:
நண்டு, கணவா, சங்கரா,
வலையோடு வந்த பேர் தெரியாத முள்ளுருண்டை.

ஐம்பத்து நாலு கோடி வருஷத்துக்கு முன்
இப்படித்தான் யாரோ
கடலைக் கவிழ்த்தது என்று
நேற்று வகுப்பில் சொன்னேன். பொய்.
கவிழ்க்க யாருமில்லை.
இரண்டு கோடி வருஷம் பிடித்தது.
பாறைக்கு அது ஒரு கொட்டாவி.

அதற்கு முன்
சேற்றில் ஒட்டிக்கிடந்த மெத்தைகள்.
கண் கிடையாது, வாய் கிடையாது.
பிறகு ஒன்றுக்குக் கண் திறந்தது.
அடுத்ததற்கு ஓடு.
அதை உடைக்கக் கொடுக்கு.
அப்புறம் நிறுத்தவே முடியவில்லை.

“இன்னா சார், வாங்குவியா, வேடிக்கையா?”

காம்பில் நட்ட நண்டின் கண்
என் பக்கம் திரும்புகிறது.
அரைக் கிலோ, என்கிறேன்.
கொடுக்கை நைலான் கயிற்றால் கட்டுகிறாள்,
இறுக்கி.