ஆறாம் தசமம்

கைபேசி சங்கத்துடையது. திரையில் ஒரு விரிசல்.
கேரா மலைச்சரிவில் நாளொன்றுக்குப் பதினான்கு தோட்டம்,
தோட்டத்துக்கு இருபத்தைந்து பிர்.
மழையில் நனைந்தால் கைபேசிக்கு நான் பொறுப்பு,
நான் நனைந்தால் யாரும் பொறுப்பில்லை.

கடலுக்கு அப்பால் ஒரு சட்டம் எழுதியிருக்கிறார்கள்:
காடழித்த நிலத்துக் காப்பி
எங்கள் துறைமுகத்தில் இறங்காது.
எந்த நாளுக்குப் பிறகு அழித்தது என்று
தேதியும் குறித்திருக்கிறார்கள்.
அவர்களுக்கு அது ஆண்டின் கடைசி நாள்.
எங்கள் கணக்கில் தஹ்சாஸ் இருபத்திரண்டு,
பழம் பாதி பறித்தும் பறிக்காமலும் நிற்க,
எதுவுமே முடிந்திராத ஒரு வியாழக்கிழமை.

சட்டத்தின்மேல் எனக்குக் கோபமில்லை.
மேற்கு முகட்டைப் பாருங்கள், முழுக்க யூக்கலிப்டஸ்.
அங்கே வெள்ளைவால் குரங்குகள் தாவிய காலத்தில்
கோடரி பிடித்தவர்களில் என் தகப்பனும் ஒருவர்.
அந்தக் காசில்தான் பத்தாம் வகுப்பு வரை போனேன்.
இந்தக் கைபேசியைத் தட்டத் தெரிந்ததும் அதனால்தான்.

நேஜிமா அப்பா ஃபீத்தாவுக்கு அரை ஹெக்டேர்.
சின்ன நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும்,
தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம்.
"எந்த இடத்தில் வைப்பாய்?" என்றாள்.
"எங்கே வேண்டுமானாலும்" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

நிழலில் நின்றேன். கைபேசி சொன்னது:
வானம் தெரியவில்லை. திறந்த வெளிக்கு நகரவும்.
நகர்ந்தேன். அங்கும் நிழல்.
நீல வட்டம் நாற்பது மீட்டருக்கு ஊதிப்போய்
பக்கத்துத் தோட்டத்து ஆடுகளையும் சேர்த்துக்கொண்டது.
காடு இருக்கிறதென்று நிரூபிக்க
காடில்லாத ஓர் இடம் தேடி
முக்கால் மணி நேரம் சுற்றினோம்.

இருந்தது ஒன்றே ஒன்று.
போன பெருமழையில் காற்று சாய்த்த வத்தேசா மரத்தின் இடம்.
பாதி மரம் பள்ளிவாசல் கதவாகிவிட்டது.
மீதி அங்கேயே கிடக்கிறது, காளான் பூத்து.
அதன் குழியோரம் நின்றதும்
கைபேசி ஒரு மணி அடித்தது. வட்டம் சுருங்கியது.

"அந்தக் கடைசி எண், அது எவ்வளவு தூரம்?"
"உள்ளங்கை அகலம்."
குந்தி, என் கால் பக்கத்தில் கையை ஊன்றினாள்.
"இவ்வளவா?"
"அவ்வளவுதான்."
"இதைப் பார்த்துவிட்டா வாங்குவார்கள்?"
மண்ணைத் துடைக்காமலே எழுந்தாள்.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
குறித்த தேதிக்குப் பின் மரம் அகற்றப்பட்டதா?
ஆம். இல்லை.
காற்றுக்கென்று கட்டம் இல்லை.
இல்லை என்பதைத் தொட்டேன்.

ஒன்பதாம் நாள் ஹாம்பர்க்கிலிருந்து செய்தி வந்தது.
மேலிருந்து பார்த்ததில், அந்தப் புள்ளியில், ஓர் இடைவெளி.
சிவப்பு இல்லை, மஞ்சள்.
அவள் மூட்டை அறுபத்தோரு பேர் மூட்டையோடு
ஏற்கெனவே கலந்திருந்தது,
ஆகவே அறுபத்திரண்டு பேரும் மஞ்சள்.
வேர் மேலே தூக்கிக்கொண்டு கிடக்கும் மரத்தை
நாலு பக்கமும் படம் எடுத்தேன்,
கோடரி படாத அடிமரத்தைத் தனியாக.
காற்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன்.
என் வாழ்நாளில் எழுதிய நீளமான கடிதம் அது,
ஒரு காற்றுக்காக.

நோன்பு முடிந்து திரும்பப் போனேன்.
புள்ளி வைத்த இடத்தில் ஒரு வத்தேசாக் கன்று.
சுற்றிலும் முள், கிழிந்த சாக்கு.
"அடுத்த முறை வரும்போது
உன் கைபேசிக்கு இங்கே வானம் தெரியக் கூடாது."
"பத்து வருஷம் ஆகும்."
"அவர்கள் பதில் அனுப்பவும் அவ்வளவு ஆகும்" என்றாள்.

மஞ்சள் இன்னும் பச்சையாகவில்லை.
கிடங்கில் மூட்டைகள் ஈரம் இழுக்கின்றன.
கன்றின் அருகே குந்தி, சும்மா, பழக்கத்தில்,
கைபேசியைத் திறந்தேன். பிடித்தது, ஆறு இலக்கமும்.
உள்ளங்கை அகலத்தில்
இரண்டு இலை. ஒன்றில் பூச்சி கடித்த துளை.