அரைப்புள்ளி

பென்டிரைவில் வந்திருக்கிறது பள்ளத்தூர் வீடு.
இரண்டு எம்.பி. கூட இல்லை.
திறந்ததும் ஒரு மஞ்சள் முக்கோணம்:
இதை வரைந்த மென்பொருள் இங்கே இல்லை.
பார்க்கலாம். தொட முடியாது.

பார்க்கிறோம்.
வளவைச் சுற்றி அறைகள், இரண்டாம் கட்டு,
கிணற்றுக்கு ஒரு வட்டம்.
எந்தச் சுவரைச் சொடுக்கினாலும்
வீடு மொத்தமும் சேர்ந்து மின்னுகிறது
கூட்டுப் பட்டாவைப் போல.

செக்காலை ரோட்டில் கரண்ட் போவதற்குள்
முடித்தாக வேண்டும்.
சிவப்பு நாற்காலியில் உமையாள்,
ஹெல்மெட் மடியில்.
"என் அறை எத்தனை அடி?"
பத்தடி ஆறங்குலம் என்று எழுதியிருக்கிறது.
எழுதியிருப்பதை அப்படியே நான் சொல்வதில்லை,
பதினோரு வருடமாக இதுதான் சோறு.

உடைத்தேன்.
இப்போது சுவர் சுவரல்ல, நாலு கோடு.
கதவுக்குத் தான் கதவென்ற நினைப்பு போய்விட்டது,
கால் வட்டம், அவ்வளவுதான்.
ஆனால் எல்லாம் கைக்கு வருகிறது.

அந்த அளவைச் சொடுக்கினால்
எண்ணுக்கும் கோட்டுக்கும் உறவே இல்லை.
யாரோ மேலே தட்டி வைத்த எழுத்து.
யாரென்று ஃபைல் சொல்லாது,
கடைசியாகச் சேமித்தவர் பெயர் 'யூசர்'.
"கோலாலம்பூர்" என்றாள் அவள்,
ஊரை மட்டும்.

எழுத்தை அழித்து
கூர் அடைப்புக்குறி இரண்டு போட்டேன்,
நடுவில் ஒன்றும் வைக்காமல்.
கோடு தானாக வாய் திறந்தது:
ஒன்பதடி இரண்டங்குலம்.

அவள் சிரித்தாள்.
"கோயில் நோட்டில் அவர் இருந்தவரை
நாங்கள் ஒரு புள்ளி.
இப்போது நான் அரை.
அரைக்கு அரை வரிதான், அதில் குறையில்லை.
பேசினால் கேட்கிற காதும் அரையாகிவிட்டது."

என் திரையில் புள்ளிக்கு
நீளமில்லை, அகலமில்லை,
இருக்கிற இடம் மட்டும் உண்டு.
அதைப் பாதியாக்கும் கட்டளை எனக்குத் தெரியாது.
இதை அவளிடம் சொல்லவில்லை.

பிரிண்ட் இரண்டு கேட்டாள்,
வந்தபடி ஒன்று, அளந்தபடி ஒன்று.
ஏ-த்ரீ, தலா நாற்பது ரூபாய்.
பழையதன் மேலேயே சேமிக்கவா என்றேன்.
"வேண்டாம். அந்தப் பத்தரை அடியும் இருக்கட்டும்,
வக்கீல் பார்க்கணும்."

படியிறங்கியவள் திரும்பி வந்தாள்.
"நாளைக்கு டேப்போடு வாங்க.
அந்தக் கோட்டையும்
யாரோதானே போட்டிருப்பாங்க?"