ங வரிசை

மூன்றரைக்கு அலாரம்.
ஒக்லாந்தில் அப்போது காலை பத்து, சனிக்கிழமை.
டச்சுக்குடாவில் நாய்கூட எழும்பாத நேரம்.
போனைச் சீனி டின்னில் சாய்த்து வைக்கிறேன்.
மகன் எழும்பிவிடக் கூடாதென்று
ஒரு காதுக்கு மட்டும் வயர்.

எனக்கு நாற்பத்தேழு.
படிப்பிக்கிற செமிசிக்கு இருபத்துமூன்று.
அவனும் இந்த மொழியைக் காசு கட்டித்தான் படித்தானாம்.

முதல் நாள் அலை என்ற சொல்லைத் தந்தான்.
எழுதியிருப்பது ஒரு மாதிரி, வாயில் வருவது வேறு மாதிரி.
மூன்று தரம் கேட்டேன். பிறகு
இங்கிலிஷை வெட்டிவிட்டுக் கொப்பியில் எழுதினேன்:
ஙலு.

ரெண்டாம் வகுப்பில் புவிமலர் ரீச்சர்
ங ஙா ஙி ஙீ என்று பன்னிரண்டையும்
பத்துத் தரம் எழுத வைத்தா.
"ரீச்சர், ஙூவுக்கு என்ன சொல்?"
"சொல் இல்லை. எழுத்து இருக்கு, எழுது."
பிரம்பு மேசையில் கிடந்தது. எழுதினேன்.

நாற்பது வருஷம் சும்மா இருந்த வரிசை
இப்போது ஒவ்வொன்றாய் எழும்பி வருகிறது.
ஙுத்து, வாய்.
ஙஙனா, மொழி. அதிலேயே ரெண்டு ங.
ஙலுவே என்றால் வேலை என்று செமிசி சொன்னபோது
நான் சிரித்த சிரிப்பு
அவனுக்கு விளங்கவில்லை.

அம்மாவின் பெயர் லாங்கி. வானம்.
பதிவுக் கந்தோர் கிளாக்கர் லச்சுமி என்று எழுதினார்,
அவ திருத்தவில்லை.
கப்பலுக்குக் கிறீஸ் போட்ட அப்பாவின் பின்னால்
எழுபத்தாறில் வந்து இறங்கியவ.
தெருவில் பறங்கிச்சி என்றார்கள்.
சென்றியில் என்ன இனம் என்று கேட்டவனுக்கு
சமோவா என்றா. அவன் நம்பவில்லை,
அரை மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்தான்.
நான் அவவின் சீலையைப் பிடித்துக்கொண்டு.
அதற்குப் பிறகு வீட்டிலும் தமிழ்தான்.
மீன்காரனோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் திறமான தமிழ்.
நித்திரையில் மட்டும்
ஏதோ ஒன்று மூக்கால் வரும்.

கொப்பியில் ஐந்து பக்கம் இல்லை.
கந்தோர் மதிலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்த நேரம்
கோட்டையடி மான் ஒன்று சப்பித் தின்றுவிட்டது,
உடம்பின் உறுப்புகள், கிழமையின் நாட்கள் எல்லாம்.
இந்த ஊரில் அந்த மொழி கொஞ்சம் தெரிந்த
மற்ற ஆள் அதுதான்.

போன சனி, "நாங்கள்".
"இதில் ரெண்டு இருக்கு, கவனம்" என்று தொடங்கினான்,
வெள்ளைக்காரருக்குச் சொல்வதுபோல மெதுவாய்.
எனக்கா?
கேட்கிறவனையும் சேர்த்தால் நம்மட, விட்டால் எங்கட.
மூதூர் லோஞ்சில் ஒருக்காப் போய்வந்தால் போதுமே.
தாத்தோவ், மாத்தோவ்.
"ஒரு வசனம் சொல்லுங்கோ."
மாத்தோவ் வைத்துச் சொன்னேன்:
நாங்கள் இந்த மொழியைப் பேசவில்லை.
"எத்தனை பேர்?"
ரெண்டு.
"அப்ப பிழை. ரெண்டு பேருக்கு வேறு சொல். மாஉவா.
யார், நீங்களும் மகனுமா?"
நானும் அம்மாவும்.
"அவவையும் வகுப்புக்குக் கூப்பிடலாமே?"
சேமக்காலையில். பன்னிரண்டு வருஷம்.

வயரில் இரைச்சல்.
ஒக்லாந்தில் ஏதோ லொறி பின்னுக்கு எடுக்கும் சத்தம்.
"மாஉவா சரிதான்" என்றான் கடைசியில்.
"ரெண்டு பேரும் உயிரோடு இருக்கவேணுமென்று
அந்தச் சொல் கேட்கிறதில்லை."

நாலரை. பள்ளிவாசல் மைக் தொண்டையைச் செருமுகிறது.
மான் விட்டுவைத்த பக்கத்தில் கோடு போட்டு
பன்னிரண்டையும் எழுதிப் பார்க்கிறேன்.
ஙூவுக்குச் சொல் வந்துவிட்டது ரீச்சர்.
ஙூஙூ.
பேச்சு வராதவர்.

ஙை இன்னும் காலி.
அடுத்த சனி கேட்கவேணும்.