பிற இன விதை

பிரன்ஸ்லாவில், ரயில் பாதைக்குப் பின்னால்
விதைச் சோதனைக் கூடம்.
ஒரு கிலோ ரையைக் கொட்டி
ரை அல்லாததை இடுக்கியால் பொறுக்கி எண்ணுவது
என் வேலை.

சாம்பல் வெள்ளையில் ஒரு விதை ஓயாமல் வரும்.
உச்சியில் செம்பட்டைத் தூரிகை,
பறக்கப் போதாத குட்டை மயிர்.
காற்றை விட்டு
எறும்பையும் அறுவடை எந்திரத்தையும் நம்பிய விதை.
படிவத்தில் அது
பிற இனம்: பதினேழு.

மூட்டைக்காரி ரோஸ்விதா காம்ராத்
தொலைபேசியில் சிரித்தாள்:
பத்திரத்தில் என் பெயர் ஏறுமுன்னே
அது அங்கே இருந்தது. வந்து பார்.

ஜூன் கடைசியில் போனேன்.
ரைக்கு நடுவே மெலிந்த தண்டு,
மேலெல்லாம் நூலாம்படை.
மொட்டைக் கண்டதும் கை பின்வாங்கியது:
செதில்மேல் செதில், ஓரமெல்லாம் பல்.
பிரம்மதண்டிடம் கிழிபட்ட கை இது.
தொட்டேன்.
குத்தவில்லை.
அத்தனையும் இமைமயிர்.

வெளிவட்டத்து நீலப் பூக்கள் எக்காளம் போல் விரிந்து
விருந்துக்கு அழைக்கும்; அவை காய்ப்பதில்லை.
காய்ப்பதெல்லாம் நடுவில் நெருக்கியடிக்கும் ஊதாக் கூட்டம்.
அதில் ஒன்றை விரல்நுனியால் தீண்டினேன்,
உள்ளே ஏதோ சுருங்கி
வெண்பொடியைத் துப்பியது.
என்னையும் ஒரு தேனீயென்று.

ஆகஸ்டில் செடி செத்துவிடும்.
பனிக்கு முன்பே முளைத்து
பனிக்கடியில் படுத்திருக்கும் அடுத்தது.

செப்டம்பரில் புது மூட்டை.
இருபத்திரண்டு என்று எழுதி முத்திரை குத்தினேன்.
இடுக்கியிலிருந்து நழுவி
என் கால்சட்டை மடிப்புக்குள் போன
இருபத்து மூன்றாவதுக்கு
படிவத்தில் கட்டமில்லை.